பரிவும் அவசரமும்

உளவியலைக் குறித்து நம்மிடையே இருவகை மனப்பான்மை உண்டு. ஒரு சாரார் அதை விசுவாசத்திற்குப் பகையென அஞ்சுவர். மறு சாரார் அதன் முடிவுகளை வேதவாக்கென ஏற்பர். இரண்டுமே பிழை என்பதற்கு, அமெரிக்க உளவியலாளர்களான ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973இல் வெளியிட்ட ‘எருசலேமிலிருந்து எரிகோவுக்கு’ என்னும் ஆய்வுக்கட்டுரை நல்ல சான்று.

பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேர் அந்த ஆய்வில் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் நல்ல சமாரியர் உவமையைப் பற்றியும், ஏனையோர் இறையியல் பயின்றோர்க்குரிய பணிகளைப் பற்றியும் அடுத்த கட்டடத்திற்குச் சென்று சிற்றுரை ஆற்றவேண்டும். சிலரிடம் நேரமிருக்கிறது என்றும், சிலரிடம் நேரம் சரியாக உள்ளது என்றும், சிலரிடம் தாமதமாகிவிட்டது என்றும் கூறி அனுப்பினர். வழியில், ஆய்வாளர் ஏற்பாடு செய்திருந்த ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகியபடி சாய்ந்துகிடந்தார். அவசரமற்றவருள் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தனர். ஓரளவு அவசரம் உடையோருள் 45 விழுக்காட்டினர். மிகுந்த அவசரத்தில் இருந்தோருள் 10 விழுக்காட்டினர் மட்டுமே.

உவமையைப் பேசச் சென்றதால் உதவும் மனம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்பது அவர்கள் முடிவு. இங்கே நாம் நிதானிக்கவேண்டும். உவமையைச் சுமந்து சென்றோருள் 53 விழுக்காட்டினரும், மற்றோருள் 29 விழுக்காட்டினரும் உதவினர். 40 பேரைக் கொண்ட ஆய்வில் இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். உவமை பயனற்றது என உறுதிகூற இச்சான்று போதாது என்பதை 1975இலேயே கிரீன்வால்ட் என்னும் உளவியலாளர் எடுத்துக்காட்டினார். இறைவார்த்தை தோற்றது என்று இவ்வாய்வைக் கொண்டு முழங்குவோர் அதைச் சரியாகப் படிக்காதவரே.

ஆயினும் நம் மறையுரைகளுக்கும் இக்கட்டுரை ஒரு பாடம் புகட்டுகிறது. விலகிச் சென்ற குருவையும் லேவியரையும் கல்நெஞ்சர் என எளிதில் தீர்ப்பிடுகிறோம். அவர்கள் ஏன் விலகினர் என்பதை இயேசு சொல்லவில்லை. தமக்காகக் காத்திருப்பவரை ஏமாற்றலாகாது என்னும் கடமையுணர்வும் ஒருவரை விரையச் செய்யலாம் என ஆய்வாளரே குறிப்பிடுகின்றனர். ஒரு நன்மையை நோக்கி ஓடும் கால்களே இன்னொரு நன்மையைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. திருப்பலிக்குத் தாமதமாகிவிட்டதென ஓடும் நாம் இதை அறியாதவரா?

எனினும் அவசரத்தைக் காரணமாகக் காட்டுவது வேறு. அதையே சாக்காகக் கொள்வது வேறு. சமாரியரும் பயணத்தில் இருந்தவரே. காயங்களைக் கட்டினார், சாவடியில் சேர்த்தார், மறுநாள் இரு தெனாரியம் கொடுத்து, திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றார். அவர் தம் பயணத்தைக் கைவிடவில்லை. அதில் பிறருக்கும் இடம் வைத்திருந்தார். அவசரம் மனிதரை எவ்வாறு மாற்றுகிறது என்பதை உளவியல் காட்டுகிறது. அந்த அவசரத்தை நம் வாழ்வில் அனுமதித்தது யார் என்று கேட்பது நற்செய்தி. மனச்சான்றை ஆய்வு செய்யும்போது, ‘யாரை வெறுத்தேன்?’ என்பதோடு, ‘எதற்காக விரைந்தேன்?’ என்றும் கேட்கப் பழகுவோம்.