யாருக்கோ சொன்னது

என் மூக்குக் கண்ணாடியின் மேல் பேரன் உட்கார்ந்துவிட்டான். 2014 மே மாதம், லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தது. புதுக் கண்ணாடி வர நாலு நாள் ஆகும் என்றார்கள். எனக்கு வெள்ளெழுத்து. தெருவும் மரமும் நன்றாகத் தெரியும், அச்செழுத்துத்தான் தெரியாது. நாலு நாளை எப்படித் தள்ளுவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். மகள் சமையலறை ரேடியோவைத் திருப்பி என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதை அணைக்காதீங்கப்பா. அது பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள்.

அது பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தது. பி.பி.சி.யின் ரேடியோ 4. முன்பு 'ஹோம் சர்வீஸ்' என்ற பெயரில் நடந்த ஒலிபரப்பு, 1967 செப்டம்பரில் இந்தப் பெயருக்கு மாறியது. சங்கீதம் அபூர்வம்; விடிந்தது முதல் நள்ளிரவு வரை பேச்சு, பேச்சு, பேச்சு. நாலு நாளும் கேட்டேன் என்றாலும், வியாழக்கிழமையை மட்டும் ஏறக்குறைய முழுசாகக் கேட்டேன். ஒரு நாவலைப் படித்து முடித்தவன் அபிப்பிராயம் சொல்வது போல அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லிப் பார்க்கிறேன்.

காலை ஆறு மணிக்கு ஐந்து குறில், ஒரு நெடில் என்று ஆறு ஒலிகள். கிரீன்விச் நேரத்தை இந்தக் குழலொலி 1924 முதல் அறிவித்து வருகிறது. உடனே 'டுடே'. 1957-இல் பிறந்த இந்தச் செய்தி நிகழ்ச்சி மூன்று மணி நேரம் ஓடுகிறது. ஒரு மந்திரியைக் கேள்வி கேட்டார்கள். கேட்டவர் விட்டபாடில்லை, மந்திரி பதில் சொன்னபாடுமில்லை. சேவற்சண்டை மாதிரி பார்க்க, அதாவது கேட்க, சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று புலப்பட்டது. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. என்னோடு பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதை ஒரு விநாடிகூட மறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு வார்த்தைகூட மனத்தில் தங்கவில்லை.

ஒன்பது மணிக்கு 'இன் அவர் டைம்'. 1998-இல் தொடங்கிய இந்த நிகழ்ச்சியை 2025 வரை நடத்திய மெல்வின் பிராக்கும் ஒரு நாவலாசிரியர். அவருக்கெதிரே மூன்று பேராசிரியர்கள். பச்சிலை வெயிலை எப்படி ஆகாரமாக்கிக்கொள்கிறது என்பது விஷயம். பத்து நிமிஷத்தில் அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தினார். மூன்றாமவர் அது அப்படியல்ல என்றார். பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தை நான் பார்த்த பார்வை மாறிவிட்டது. சும்மா நிற்கிறது என்று நினைத்திருந்தேன். வேலை செய்துகொண்டிருந்தது.

பத்து மணிக்கு 'உமன்ஸ் அவர்'. பெண்களுக்காக 1946-இல் ஆரம்பித்தது; ஆரம்பித்தபோது நடத்தியவர் ஓர் ஆண் என்பது ஒரு வேடிக்கை. அன்று சில பெண்கள், மாதவிடாய் நிற்கிற வயதைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து அணைக்கலாமென்று கையைக்கூட நீட்டினேன். அதற்குள் ஒரு பெண், நடு இரவில் உடம்பு தணலாகக் கொதிக்க, புருஷன் தூக்கம் கெடக்கூடாதென்று சத்தம் காட்டாமல் எழுந்துபோய்க் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

என் மனைவி ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி முற்றத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். "என்ன?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, புழுக்கம்" என்பாள். நானும் புழுக்கம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்த வருஷங்களில்தான், பெண் மனத்தை அறிந்து எழுதுகிறவர் என்று என்னைப் பற்றி விமரிசகர்கள் எழுதினார்கள். அவள் இப்போது இல்லை. லண்டனில் ஒரு சமையலறையில், முகம் தெரியாத ஒருத்தி, வேறு பெண்களுக்குச் சொன்னதிலிருந்து நான் அதைத் தெரிந்துகொண்டேன்.

பகல் இரண்டு மணிக்கு 'தி ஆர்ச்சர்ஸ்'. நாடு முழுவதற்குமாக 1951 ஜனவரி முதல் தேதி தொடங்கிய தொடர்கதை. யுத்தத்துக்குப் பின் உணவுத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், குடியானவர்களுக்குப் புது விவசாய முறைகளைக் கதையோடு கதையாகச் சொல்லித் தருவதற்கென்று ஏற்பட்டது. ஆம்ப்ரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமம். 1955-இல், லண்டனில் தனியார் டெலிவிஷன் தொடங்கிய அதே இரவில், கிரேஸ் என்ற இளம் மனைவி லாயத்துத் தீயில் சிக்கிச் சாகும்படி எழுதினார்கள். கேட்டவர்கள் வீட்டுச் சாவாகவே துக்கப்பட்டார்கள். அவளுடைய கணவன் பிலிப்பாகப் பேசிய நார்மன் பெயின்டிங், 2009-இல் இறக்கும்வரை அதே பாத்திரமாகவே பேசினார். ஒரு வாலிபக் குரல் நேயர்களின் காது முன்னாலேயே கிழக்குரலாயிற்று. எந்த நாவலாசிரியனுக்கு இந்தப் பாக்கியம் உண்டு? மாட்டுப் பண்ணை விவரங்களைக் குடியானவனுக்குச் சொல்ல உட்கார்ந்தவர்கள் எனக்குக் காலத்தைக் காட்டிவிட்டார்கள்.

அதற்கடுத்து வந்த நாடகம் எனக்குப் பிடிக்கவில்லை. கண் இல்லாத இடத்தில் காட்சியை எப்படிக் காட்டுவது என்ற பயம் ஆசிரியருக்கு. கதவு திறந்தால், "இதோ கதவைத் திறக்கிறாயே" என்று ஒரு பாத்திரம் சொல்லியாக வேண்டும். எனக்காகத்தான் இவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பது தெரிந்ததும் நம்பிக்கை போய்விட்டது. மாலை ஆறரை மணிக்கு வந்த ஹாஸ்ய நிகழ்ச்சியிலும், எங்கே சிரிக்க வேண்டுமென்று கூட்டம் முன்கூட்டியே சிரித்துச் சொல்லிக்கொடுத்தது.

நள்ளிரவுக்குப் பிறகு, வீடு அடங்கிய வேளையில், கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. முதலில் ஓர் இதமான வாத்திய இசை. பிறகு ஒரு நிதானமான குரல். பிரிட்டனைச் சுற்றிய கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, காற்று, மழை, கண்ணுக்கு எட்டும் தூரம் எல்லாவற்றையும் சுமார் 350 சொற்களுக்குள் அடக்கிவிடுகிறார்கள். உபரியாக ஒரு சொல் கிடையாது. ஒரு பகுதிக்கு 2002-இல் ஃபிட்ஸ்ராய் என்று பெயர் வைத்தார்கள். டார்வினை ஏற்றிச் சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவர் அவர். 1859-இல் 'ராயல் சார்ட்டர்' கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கு மேற்பட்டோர் மாண்ட பிறகு, 1861-இல் புயல் எச்சரிக்கை முறையை ஏற்படுத்தியவரும் அவரே. நான் எந்தப் படகிலும் இல்லை. ஆனால் எங்கோ ஒரு மீனவன் இதைக் கேட்டு வலையைச் சுருட்டுகிறான் என்று நினைத்ததும், அன்று கேட்டதிலெல்லாம் இதுவே உயர்ந்த இலக்கியம் என்று பட்டது.

என் தீர்ப்பு இதுதான். அந்த நாளில் என்னைக் குறிவைத்துப் பேசியவையெல்லாம் தோற்றன. யாருக்கோ சொன்னவை வென்றன. எழுதுகிறவனுக்கு இதில் பாடம் இருக்கிறது. நம்முடைய வாரப் பத்திரிகைகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. தொடர்கதைக்காக வாங்கிய மாமி, பக்கத்தைப் புரட்டும்போது கோயில் கட்டுரையையும் படித்துவிடுவாள். அரசியலுக்காக வாங்கிய மாமா அவள் தொடர்கதையைத் திருட்டுத்தனமாகப் படிப்பார். திண்ணையில் உட்கார்ந்தவனுக்குத் தெருவில் போகிற பேச்சு முழுவதும் காதில் விழும். கதை எழுதக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேர் அப்படிக் கற்றவர்கள்தாம்.

இப்போது மகளே ரேடியோவைத் திருப்புவதில்லை. கைபேசியில் தனக்குப் பிடித்ததை மட்டும், பிடித்த நேரத்தில் கேட்கிறாள். சௌகரியந்தான், நான் குறை சொல்லவில்லை. சென்ற முறை போயிருந்தபோது எனக்கும் அதைக் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்கப்பா, எடுத்துத் தரேன்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு என்னை அப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.