கடிதங்கள் தந்த தீர்ப்பு

உயர்ந்த இலக்கியம் தானே நிலைக்கும்; தாழ்ந்தது தானே மறையும் என்பர் சிலர். கேட்க இனிக்கும் கூற்று! ஆனால், எது உயர்ந்தது என்று எடைபோட்டவர் யார்? தராசைப் பிடித்த கை யாருடையது? இவற்றைக் கேளாமல், 'பேரிலக்கியம்' என்ற பட்டத்தைக் கண்டதும் கைகூப்பி நிற்பது பகுத்தறிவாகாது. அமெரிக்க இலக்கியக் கல்வி வளர்ந்த கதை, நமக்கு இதை நன்கு உணர்த்துகிறது.

அமெரிக்கர் எழுதிய நூலை உலகில் எவர் படிக்கிறார் என்று, 1820-ஆம் ஆண்டிலே சிட்னி ஸ்மித் என்ற ஆங்கிலேயர் எள்ளி நகையாடினார். நூறாண்டு கடந்தும் அந்த ஏளனத்தின் நிழல் நீங்கவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே ஷேக்ஸ்பியருக்கும் மில்டனுக்கும் அரியணை. சொந்த நாட்டு எழுத்தாளருக்குத் திண்ணை! மெல்வில் 1851-இல் வெளியிட்ட 'மோபி டிக்' மறுவாழ்வு பெற 1920-களை எதிர்நோக்க வேண்டியிருந்தது.

இந்த இழிவைத் துடைக்க உழைத்தவருள் முன்னணியில் நின்றவர் பேராசிரியர் ஜே ஹப்பெல். வர்ஜீனியாவிலே 1885-இல் பிறந்து, வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1929-இல் அங்கே 'அமெரிக்க இலக்கியம்' என்னும் ஆய்விதழ் தோன்றியது. 1954 வரை அவரே அதன் ஆசிரியர். திண்ணையில் கிடந்ததை மண்டபத்துக்கு அழைத்துச் சென்ற தொண்டு அது. அதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

அவர் 1972-இல் வெளியிட்ட நூலொன்று, அமெரிக்காவின் பெரும் எழுத்தாளர் யாவர் என்றே கேட்கிறது. நேற்று முதலிடத்தில் இருந்தவர் இன்று மூலைக்குப் போனதையும், மூலையில் இருந்தவர் முன்னே வந்ததையும் எடுத்துக்காட்டுகிறது. பட்டியல் வானத்திலிருந்து வந்ததன்று, மனிதர் வகுத்தது என்பதற்கு அப்பட்டியலை வளர்த்தவரே சாட்சி! 1976-இல் டியூக்கிலே அவர் பெயரால் ஒரு மையம் எழுந்தது. அமெரிக்க இலக்கிய அறிஞர்களின் கடிதங்களையும் கைப்படிகளையும் திரட்டிக் காப்பது அதன் பணி. தீர்ப்பை மட்டுமன்று, தீர்ப்பு உருவான விதத்தையும் பிற்காலத்தார் காண வழி செய்தது அம்மையம்.

ஆயினும், ஒன்றை நாம் மறைத்தலாகாது. அந்த டியூக் பல்கலைக்கழகம் 1961 வரை கறுப்பின மாணவருக்குக் கதவைத் திறக்கவில்லை. நாட்டின் இலக்கியத்துக்கு இடம் கேட்ட மண்டபத்திலே, நாட்டு மக்களில் ஒரு பகுதியினருக்கு இடமில்லை! ஏளனத்தின் சுவையை அறிந்தவர்களே, பிறர்மீது சுமத்தப்பட்ட ஏளனத்தைக் கண்டும் காணாதிருந்தனர்.

அதே வட கரோலினாவிலே, ஈடென்டன் என்ற ஊரில், அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் ஜேக்கப்ஸ் அம்மையார். எசமானனுக்கு அஞ்சி, பாட்டியின் வீட்டுக் கூரையடியில், நிமிர்ந்து நிற்கவும் இயலாத இடுக்கிலே ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஒளிந்து கிடந்தார். பின்னர் வடக்கே தப்பிச் சென்று, பகலிலே பிறர் குழந்தைகளைப் பேணி, இரவிலே தம் வரலாற்றை எழுதினார். புனைபெயரோடு 1861-இல் நூல் வந்தது. அறிஞர் பலர் என்ன செய்தனர்? அடிமைப்பெண் இப்படி எழுதுவாளா என்று ஐயுற்றனர். பதிப்பித்துத் தந்த வெள்ளை மாது லிடியா மரியா சைல்டே எழுதியிருப்பார் என்றனர். கற்பனைக் கதை என்றும் ஒதுக்கினர்.

அந்தத் தீர்ப்பைத் தகர்த்தவை எவை? கடிதங்கள்! தோழி ஏமி போஸ்டுக்கு ஜேக்கப்ஸ் தம் கைப்பட எழுதியவை ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்த ஜீன் ஃபேகன் யெல்லின், நூலை எழுதியவர் ஜேக்கப்ஸே என்று 1981-இல் நிறுவினார். அந்தக் கட்டுரை வெளிவந்தது எந்த ஏட்டில்? ஹப்பெல் தொடங்கி வளர்த்த அதே 'அமெரிக்க இலக்கியம்' ஏட்டில்! 1979-இல் மறைந்த ஹப்பெல் அதைக் காணவில்லை.

பேராசிரியர் ஏற்றிய விளக்கு நல்விளக்கே. அதன் ஒளி எட்டாத மூலை இருந்ததும் மெய்யே. அந்த மூலைக்கு ஒளி சேர்த்தவை காக்கப்பட்ட காகிதங்களும், ஐயத்தை ஐயுற்ற ஓர் அறிவும். எனவே, தோழர்களே, இலக்கியப் பட்டியலைக் கண்டால் வணங்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். எழுதியவர் யார், விடுபட்டவர் யார் என்று கேளுங்கள். எளியோர் எழுதிய கடிதம் கிடைத்தால் குப்பையில் எறியாதீர்கள். நாளைய தீர்ப்பு அதில் இருக்கலாம்.