அபராதம் யாருக்கு?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு ஆண்டாளும் பால்கோவாவும் ஞாபகம் வரும். ராஜபாளையம் என்றால் நூல் மில், அந்த வெள்ளை நாய். தப்பில்லை. அதே வட்டாரத்தில், மலையடிவாரத்தில் புதுப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. எழுத்தாளர் பாமா பிறந்த ஊர். அவருடைய 'கருக்கு' (1992) படித்திருப்பீர்கள். 1994-ல் வந்த 'சங்கதி'யை எத்தனை பேர் படித்தீர்கள்?

அதில் மாரியம்மா என்றொரு பெண். விறகு பொறுக்கிவிட்டு வரும்போது தண்ணீர் குடிக்க பம்பு செட்டில் ஒதுங்குகிறாள். நிலத்துக்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார். திமிறி ஓடிவந்துவிடுகிறாள். ஆசாமி முந்திக்கொள்கிறார். நேராக அவள் தெரு நாட்டாமையிடம் போய், உங்க பொண்ணு மாணிக்கத்தோட தப்புத்தண்டா பண்ணிச்சு, நானே பார்த்தேன் என்கிறார். ராத்திரி பஞ்சாயத்து. பெண்கள் வாய் திறக்கக் கூடாது. அப்பனே மகளை அடிக்கிறான். மாணிக்கத்துக்குப் போட்டதைப்போல இரண்டு பங்கு அபராதம் மாரியம்மாவுக்கு. நிலத்துக்காரருக்கு? பைசா கிடையாது.

கவனியுங்கள், தண்டித்தது மேல்சாதி பஞ்சாயத்து அல்ல. அவள் சொந்த சனம். நிலத்துக்காரரைப் பகைத்தால் நாளைக்கு வேலை யார் தருவது? தெருவின் பயத்துக்கு விலை கொடுத்தவள் ஒரு பொம்பளை. சாதிக் கொடுமை, ஆண் கொடுமை என்று தனித்தனிக் கணக்கு எழுதினால் இரண்டு நோட்டிலும் இவள் பெயர் வராது.

அமெரிக்காவில் இதே கதை கோர்ட்டில் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனியில்தான் பெண்கள் இருக்கிறார்களே என்றது கோர்ட். (இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள்!) நிறமா, பெண் என்பதா, ஒன்றைச் சொல்லு, இரண்டையும் சேர்க்காதே என்று 1976-ல் தீர்ப்பு. அதை வைத்துத்தான் கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்ட அறிஞர் 1989-ல் 'இன்டர்செக்ஷனாலிட்டி' என்ற வார்த்தையைக் கொண்டுவந்தார். நாற்சந்தி உவமை அவருடையது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் நடுரோட்டில் நின்று பாருங்கள், எந்தப் பக்கத்து வண்டியும் மோதலாம்.

பாமாவுக்கு இந்த வார்த்தை தேவைப்படவில்லை. வெள்ளையம்மா பாட்டி போதும். ஒரே வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைச்சல். அவன் கூலி அவன் செலவுக்கு, இவள் கூலி உலைக்கு. பேய்கூட இந்தத் தெருப் பெண்களைத்தான் பார்த்துப் பிடிக்கிறதே, ஏன் என்று கேட்கிற இடம் அபாரம்.

ஒரு குறையும் உண்டு. பாட்டி சொல்லி முடித்த கதைக்குப் பேத்தி சில இடங்களில் விளக்கவுரை எழுதுகிறார். அதைத் தாண்டிப் போய்விடுங்கள். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்கிறது, நல்ல உழைப்பு. ஆனாலும் தமிழிலேயே படியுங்கள். அந்தப் பெண்கள் திட்டுகிற திட்டில் பாதி கப்பலேறாது.