கற்கால வேடம் யாருக்கு?

1992இல் வெளியான ஹாலிவுட் படம் 'என்சினோ மேன்'. லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு பள்ளி மாணவர்கள் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் வெட்டப்போய், பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த ஆதிமனிதனைக் கண்டெடுக்கிறார்கள். அவனைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, எஸ்டோனியாவிலிருந்து வந்த மாணவன் என்று புளுகிப் பள்ளிக்கும் கூட்டிப்போகிறார்கள். கடைசியில் பள்ளி விருந்தில் அவன் ஆடுகிறபடியே எல்லாரும் ஆடுகிறார்கள். கும்பலில் ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் விடலைப் பிள்ளைகள்தான் இங்கே கேலிக்கு ஆளாகிறார்கள். இவ்வகைப் படத்தின் பலமே அதுதான்.

தமிழில் இதற்கு நெருங்கி வருவது ஏ.எல். விஜய் இயக்கிய 'வனமகன்' (2017). அந்தமான் காட்டு இளைஞன் ஒருவன் சென்னையில் பணக்காரப் பெண்ணின் மாளிகைக்கு வந்து சேர்கிறான். ஜெயம் ரவிக்கு வசனம் இல்லையென்றே சொல்லலாம்; உடலாலும் கண்ணாலுமே சமாளித்திருக்கிறார். காட்டு மக்கள் பக்கம் நின்று பேசும் நல்லெண்ணமும் படத்துக்கு உண்டு.

சறுக்கல் வேறிடத்தில். பனிக்கட்டிக்குள் கிடந்தவன் வெறும் கற்பனை. ஆனால் 'வனமகன்' நாயகனின் 'ஜாரா' என்ற பெயர் நினைவூட்டும் ஜாரவா மக்கள் இன்றும் அந்தமானில் வாழ்கிறார்கள். அவர்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் ஆடவைத்த காணொளி 2012இல் வெளிவந்து நாடே கொதித்தது. வேடிக்கை பார்க்கும் அதே கண்ணோடுதான் படமும் அவர்களைப் பார்க்கிறது.

இந்தப் பார்வைக்கு அந்தமான்வரை போக வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். கற்காலம் அங்கே மண்ணுக்கடியில் இருக்கிறது. அதே மாவட்டத்துப் பசியாவரத்தை ஒட்டிய பழவேற்காட்டு நீர்ப்பரப்பிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் இருளர்கள் கையால் இறால் பிடிக்கிறார்கள். பறி என்னும் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து நகர்ந்து, சேற்றை இரு கையாலும் தடவுகிறார்கள். கேமராவுக்கு இது 'ஆதிமனிதக் காட்சி'. ஆனால் பிடித்த இறாலுக்கு அன்றே வியாபாரியிடம் விலை பேச வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் மறுநாளும் இறங்க வேண்டும். இதில் கற்காலம் எங்கே வந்தது?

ஆதிமனிதனை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். அவன் வந்து கோபிக்கப் போவதில்லை. உயிரோடிருக்கும் ஒரு சமூகத்துக்கு அந்த வேடத்தை மாட்டும்போது சிரிப்பு அவமதிப்பாகிவிடுகிறது. நடிப்பில் தேறும் 'வனமகன்' இந்த இடத்தில் தோற்கிறது.