கமாவின் மேல் போடும் பழி

புரோகிராமிங் வகுப்பு எதுவானாலும் முதல் வாரத்திலேயே மரைனர் 1 கதை வந்துவிடும். 1962 ஜூலை 22 அன்று வெள்ளிக் கோளை நோக்கிக் கிளம்பிய அமெரிக்க விண்கலம் சில நிமிடங்களில் தடம் மாறியது, தரையிலிருந்தே அழிக்கப்பட்டது. காரணம், விடுபட்ட ஒரு சின்னக் கோடு. வரலாற்றிலேயே விலை அதிகமான ஹைபன் என்றார் ஆர்தர் சி. கிளார்க். (அது ஹைபன்கூட அல்ல, சமன்பாட்டில் எழுத்தின் தலைமேல் வரவேண்டிய கோடு என்பார்கள். கதை சொல்கிறவர்கள் அதற்கெல்லாம் கவலைப்படுவதில்லை.) கடைசியில் ஆசிரியர் விரலை ஆட்டுவார்: "பார்த்து எழுது!"

இந்த உபதேசம் எனக்கு என்றுமே ஒத்துக்கொண்டதில்லை.

கவனம் வேண்டும்தான், யார் மறுத்தது? சி மொழியில் அரைப்புள்ளியை விட்டால் கம்பைலர் கத்துகிறது. பல நேரம் அடுத்த வரியைக் காட்டிக் கத்தும், ஆனாலும் கத்தும். திருத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். என் சண்டை கத்தாத மொழிகளோடு.

பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் தமிழக மாவட்டப் பெயர்கள் ஒரு பட்டியலாக, வரிக்கு ஒன்றாக இருந்தன. ஆங்கில அகரவரிசையில் கடைசிப் பெயர் விருதுநகர். கடைசி என்பதால் பின்னால் கமா இல்லை. 2020இல் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமானது. யாரோ அதை அடியில் சேர்த்தார், மேல்வரியைத் தொடவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேற்கோள் சரங்கள் நின்றால் பைத்தான் ஒட்டிவிடும். 'விருதுநகர்மயிலாடுதுறை' என்றொரு மாவட்டம் பிறந்தது. பட்டியலில் இருந்தது 37, சேர்த்த பிறகும் 37. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. அறிக்கையில் விருதுநகருக்குப் பூஜ்யம் விழுந்து நான்கு நாள் கழித்துத்தான் ஒருவர் கேட்டார். திட்டு வாங்கியதென்னவோ சேர்த்தவர்தான்.

நீளமான வாக்கியத்தை மடித்து எழுத இந்த ஒட்டல் வசதி என்று வக்காலத்து வாங்குகிறார்கள். வசதிதான். அதற்கு ஒரு கூட்டல் குறி போட்டால் கை தேய்ந்துவிடுமா? குழப்பம் வந்தால் ஊகிக்காதே என்பது பைத்தான்காரர்கள் மனப்பாடமாய் ஒப்பிக்கும் நெறி. ஆனால் இதை நீக்கச் சொல்லி 2007இல் வந்த முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. 2013இல், விடுபட்ட கமா ஒன்றால் தானே அவதிப்பட்டு, மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோஸம் மறுபடி கேட்டுப் பார்த்தார். பெற்றவர் பேச்சே எடுபடவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஒருபடி மேல். அரைப்புள்ளியே வேண்டாம், மொழி தானே போட்டுக்கொள்ளும் என்பது அங்கே ஒரு ஃபேஷன். போடுகிறதுதான், எங்கே? 'ரிட்டர்ன்' என்று எழுதிவிட்டுத் திருப்பித்தர வேண்டியதை அடுத்த வரியில் வைத்தால், நடுவே ஒன்றைச் செருகி வெறுங்கையோடு திரும்புகிறது. அடுத்த வரி அடைப்புக்குறியில் தொடங்கினாலோ, போட வேண்டிய இடத்தில் போடாமல் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறது. அதற்குப் பயந்து வரியின் தலையில் அரைப்புள்ளி வைத்து எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதற்குப் பெயர் எளிமையாம்.

நம் ஏட்டுச்சுவடிகளிலும் புள்ளி இல்லைதானே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். இல்லைதான். ஆனால் ஏட்டைப் படித்த பதிப்பாசிரியர் சந்தேகம் வந்தால் நிறுத்துவார், இன்னொரு பிரதியைத் தேடுவார், பாடபேதம் என்று அடியில் குறிப்பார். இந்த மொழிகளுக்குச் சந்தேகமே வராது.

பிழை தேடும் லின்டர் கருவியைப் போட்டுக்கொள், அது பிடித்துக் கொடுக்கும் என்பதுதான் கடைசி வாதம். கூரை ஒழுகுகிறது என்றால் பாத்திரம் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் பிறகு மயிலாடுதுறைக்குப் பின்னாலும் ஒரு கமா போட்டுவைத்தோம், 39ஆவது மாவட்டம் வந்தால் இருக்கட்டும் என்று.