பாட்டு முடிந்ததும் ஒரு வாலசைப்பு

மிச்சிகனில், மயோ ஊரைச் சுற்றியுள்ள மணல் சாலைகளில் ஜூன் மாத விடியலில் நின்றவர்களுக்குத் தெரியும்: கர்ட்லண்ட் வார்ப்ளர் என்ற சிறு பறவையைக் கண்ணால் தேடிப் பயனில்லை, காதால்தான் தேட வேண்டும். பதினைந்து கிராமுக்குள் அடங்கும் உடம்பிலிருந்து அப்படியொரு கனத்த குரல். கீழே இரண்டு மூன்று தட்டு, பிறகு குமிழியிட்டு மேலே ஏறும். 1987இல் பாடும் ஆண்கள் 167 மட்டுமே என்று கணக்கெடுத்ததும் இந்தக் குரலை எண்ணித்தான்.

அது வாழும் ஜாக் பைனை அழகான மரம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அதைப் பிடித்ததற்குக் காரணம் அதன் உயரம். பறவை பாட ஏறும் உச்சியே ஆளுயரம், மிஞ்சினால் இரண்டு ஆள் உயரம். வெளுத்த வானத்துக்கு எதிரே அடிவயிறு மட்டும் தெரியும் வார்ப்ளர் படங்களை வருஷக்கணக்காக எடுத்துச் சலித்த எனக்கு, அந்த மஞ்சள் தொண்டை கண்ணுக்கு நேரே அதிர்ந்ததைப் பார்த்த முதல் காலையில் கை நடுங்கியது.

எல்லோரும் அலகு திறந்த கணத்துக்குக் காத்திருப்பார்கள். நான் அதை விட்டுவிடுவேன். பாட்டு முடிந்து, தொண்டை இறகுகள் படிந்து, வால் ஒரு முறை மெல்லக் கீழே அமுங்கி எழும். அதுதான் எனக்கு வேண்டும். பாடகர் பல்லவியை முடித்துத் தொடையில் கை வைக்கும் இடம் அது. பத்து வருஷத்தில் அப்படி உருப்படியாக நான்கு படங்கள் அமைந்திருக்கின்றன. எட்டரை மணிக்கு மேல் மணல் சூடேறி, கானல் எழுந்து, இறகின் கூர்மை போய்விடும். நேரம் அவ்வளவுதான்.

ஜார்ஜியாவின் லாங்லீஃப் பைன் காடுகளே உசத்தி என்பார் என் நண்பர். அங்கே பாடும் பாக்மன் சிட்டின் ஒற்றை நீள விசில் சுத்தமான ஸ்வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய படங்களில் பின்னணி பட்டுத்துணிபோல் மழமழவென்று கிடக்கும், மரமே இருக்காது. நெருப்புச் சூட்டுக்குக் காத்துப் பிசினால் மூடிக் கிடக்கும் ஜாக் பைன் காய் ஒன்றாவது பக்கத்தில் இல்லையென்றால், கர்ட்லண்ட் வார்ப்ளரின் படம் பாதிப் படம்தான்.

2019இல் இந்தப் பறவையை அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கைபேசியில் பதிவுப் பாட்டைப் போட்டு அதைச் சாலையோரத்துக்கு இழுப்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. எதிரி வந்துவிட்டான் என்று பதறிப் பாடும் பாட்டு அது. படத்தில் விறைத்த கழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாலசைப்பும் வராது.

2011இல் எனக்கு நல்ல படம் தந்த வளைவுக்கு 2023இல் திரும்பப் போனேன். மரங்கள் உயர்ந்துவிட்டன. வார்ப்ளரின் கூட்டை மறைக்கத் தரையைத் தொட்டுக் கிடந்த கீழ்க்கிளைகள் காய்ந்து உதிர்ந்திருந்தன. உள்ளே எங்கோ ஹெர்மிட் த்ரஷ் பாடியது. அருமையான பாட்டு, முழுக்க நின்று கேட்டேன். பிறகு கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஆளுயர இளமரங்கள் நிற்கும் பக்கமாக வண்டியைத் திருப்பினேன்.