வந்துவிட்டது 44100!

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டினேன். "என்னங்க ஆச்சு?" என்று உள் அறையிலிருந்து மனைவி அரைத் தூக்கத்தில் குரல் கொடுத்தாள். "44100 வந்துடுச்சு!" என்றேன். பதில் இல்லை. திரும்பிப் படுத்திருப்பாள்.

என்னிடம் நூற்றுக்கும் மேல் பழைய சிடிகள் உண்டு. அத்தனையையும் தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக்கி லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிந்திருப்பார்கள். சாம்பிளிங் ரேட் என்பது இதுதான். அதென்ன 44,100, ஒரு ரவுண்டான எண்ணாக வைத்திருக்கக் கூடாதா என்று நானும் நினைத்ததுண்டு. சிடி வருவதற்கு முன் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பிலும் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 சாம்பிள், ஒரு ஃபீல்டுக்கு 245 வரி, நொடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும்! இது தெரிந்த அன்றும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீடியோ உலகம் பிறகு 48,000-ஐப் பிடித்துக்கொண்டது. இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் ஒலியைக் கவனித்துக்கொள்வது பைப்வயர். விம் டேமன்ஸ் தொடங்கி வைத்தது. 2021-இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸில், அதுவரை ஒலியைக் கவனித்துவந்த பல்ஸ்ஆடியோ இருந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எந்தப் பாட்டையும் 48,000-க்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். 44,100-க்கும் 48,000-க்கும் உள்ள விகிதம் 147-க்கு 160. வாசலில் 147 புள்ளி வைத்துப் போட்ட கோலத்தை அழித்துவிட்டு, அதே கோலத்தை 160 புள்ளியில் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? நல்ல கைக்காரர் போட்டால் வித்தியாசமே தெரியாதுதான். ஆனாலும் புள்ளிகள் பழைய புள்ளிகள் இல்லையே.

இதையெல்லாம் மூடி மறைக்காமல் காட்டுவதால்தான் லினக்ஸ் மேல் எனக்கு இத்தனை பித்து. டெர்மினலில் பிடபிள்யூ-டாப் என்று தட்டினால் போதும், எந்த நிரல் எந்த ரேட்டில் பாடுகிறது, சவுண்ட் கார்டு எந்த ரேட்டில் வாங்குகிறது என்று வரிசையாக ஓடும். அதிலும் திருப்தி இல்லையா? கெர்னல் திறந்து வைத்திருக்கும் ப்ராக் ஃபோல்டருக்குள் போய் ஹெச்டபிள்யூ-பாராம்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். பாட்டு ஓடாதபோது அதில் 'க்ளோஸ்ட்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். ஓடும்போது ரேட், ஃபார்மட், எத்தனை சேனல் என்று எல்லாம் வந்து நிற்கும். டிஜிட்டல் எண்களைக் கேட்கும் ஒலியாக்கும் என் யூஎஸ்பி டிஏசிக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாற்றம் என்று பார்த்தால் ஒரே வரிதான். வீட்டு ஃபோல்டருக்குள் இருக்கும் பைப்வயர் அமைப்பில் ஒரு சின்னக் கோப்பு. அனுமதிக்கப்பட்ட ரேட்டுகள் என்ற வரியில் 48000 மட்டும் என்பதுதான் வழக்கம். அதில் 44100, 88200, 96000 மூன்றையும் சேர்த்தேன். ரூட் பாஸ்வேர்டு கேட்கவில்லை, கம்ப்யூட்டரை அணைத்துப் போடவும் இல்லை. பைப்வயரை மட்டும் மீண்டும் கிளப்பினேன்.

பாட்டைப் போட்டேன். 48000!

மறுபடி போட்டேன். அதே 48000. கோப்பில் எழுத்துப் பிழையா என்று அரை மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பிழை கோப்பில் இல்லை. பிரவுசரில் ஏதோ ஒரு டேபில், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு மறந்துபோன வீடியோ ஒன்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிரல் பாடிக்கொண்டிருக்கும்போது பைப்வயர் நடுவழியில் ரேட்டை மாற்றாது. அந்த டேபை மூடினேன். சில நொடி விட்டுப் பாட்டைப் போட்டேன். அப்போதுதான் அந்தக் கைதட்டல்.

இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பை முதலில் ஓடவிட்டேன். ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலில் காற்று நுழையும் அந்தச் சின்ன 'ஃபூ' கூட என் காதோரம் வந்து விழுந்தது போல இருந்தது. புல்லரித்தது. மறுநாள் மனைவியை உட்காரவைத்து, எனக்குத் தெரியாமல் ரேட்டை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பத்தில் ஆறு சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலே ஐந்து வந்திருக்கும்! ரேட்டை மாற்றித் தரும் பைப்வயரின் ரீசாம்ப்ளர் அவ்வளவு நல்ல கைக்காரர். அதன் தரத்தை 0 முதல் 14 வரை வைக்கலாம், வழக்கமாக 4-இல் நிற்கும். நான் 10-இல் வைத்திருக்கிறேன். காது கேட்டதற்காக அல்ல, மனசு கேட்டதற்காக.

நண்பர் ஒருவர் தன் எம்பி3 பாட்டுகளுக்கு 192000 வைத்திருப்பதாகப் பெருமைப்பட்டார். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய சொம்பில் ஊற்றினால் கெட்டியாகிவிடுமா? ப்ளூடூத் ஹெட்போன்காரர்களுக்கும் இதில் பெரிய பலன் இல்லை. காற்றில் ஏறுமுன் ஒலியை வேறொரு கோடெக் சுருக்கிவிடுகிறது.

எனக்கோ, இருபது வருஷமாகக் கேட்ட சிடி ஒன்றை அதன் சொந்தப் புள்ளிகளிலேயே கேட்கிறேன் என்ற நிம்மதி போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி ஒரு சிடிப் பாட்டை ஓடவிட்டு பிடபிள்யூ-டாப் தட்டிப் பாருங்கள். அந்த வரியை மாற்றிய பிறகும் 48000 என்றே வந்தால், கோப்பில் பிழை தேடுமுன் பிரவுசர் டேபை மூடுங்கள்.